பஞ்சாங்கமும் மழைமானியும்

(ரெட்டியார்சத்திரம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இந்த ரெட்டியார்சத்திரத்தில் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மழையையும் காற்றையும் அளப்பதைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "மழையைப் பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டம் என்னத்திற்கு? பேசிவிட்டால் மழை வந்துவிடுமா?" என்று நினைக்கக்கூடும். பேசினால் மழை வராது என்பது வாஸ்தவந்தான். யாகம் செய்தாலும் வராது. கழுதைக்குக் கலியாணம் செய்து வைத்தாலும் வராது. கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைத்தாலும் வராது. ஆனால் பெய்கிற மழை எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில், எத்தனை அங்குலம் பெய்தது என்பதை அந்த இடத்திலேயே அளந்து, அந்தக் கணக்கை உரிய ஆளிடம் உரிய காலத்தில் சேர்த்துவிட்டால், அதனால் அனேக உயிர்கள் பிழைக்கும் என்பதைத்தான் நான் இங்கு சொல்ல வந்திருக்கிறேன். நான் சொல்லுவதை உங்கள் அறிவைக் கொண்டு தட்டிப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்த மேடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

குடகனாற்று அணை

தோழர்களே! தூரத்துச் சங்கதி எதற்கு? நமது ஜில்லாச் சங்கதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நமக்கு மேற்கே நிற்கும் பழனி மலைத் தொடரின் கீழ்ச் சரிவுகளில் பிறந்து, ஆத்தூர்ப் பக்கமாக இறங்கி, திண்டுக்கல் சீமையைக் கடந்து, வேடசந்தூர் வழியாகப் போய் அமராவதியில் கலக்கிற ஆறு குடகனாறு. வேடசந்தூருக்குப் பக்கத்தில் அழகாபுரியில் இந்த ஆற்றின் குறுக்கே ஒரு மண் அணை இருந்தது. ஆற்றுப் படுகையிலிருந்து சுமார் 11½ மீட்டர் உயரம். அதில் தேங்கக்கூடிய தண்ணீர் 1 கோடியே 23 லட்சம் கன மீட்டர். வெள்ளத்தை வெளியேற்ற 5 ஷட்டர்கள். 1977ம் வருஷம் இந்த அணை உடைந்தது. அப்போது திண்டுக்கல் தனி ஜில்லா அல்ல. மதுரை ஜில்லாவில் சேர்ந்திருந்தது. அவ்வருஷம் நவம்பர் 12ந் தேதி நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறிய புயல் உள்நாட்டுக்குள் புகுந்து திருச்சி முதலிய இடங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அணை எப்படி உடைந்தது? ஷட்டர் இல்லாமலா? இருந்தது. ஆள் இல்லாமலா? ஆளும் இருந்தார்கள். வெள்ளம் வந்தவுடன் ஷட்டர்களைத் தூக்கவும் ஆரம்பித்தார்கள். ஆனால் பாதி தூக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள்; அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் மனிதக் கையால் சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் கரைக்கு மேலேறி, பின்புறச் சரிவில் அருவிபோல் விழுந்து மண்ணை அரித்து, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமான உடைப்புகளை உண்டாக்கிவிட்டது.

அந்த ஊழியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கை ஓயும் வரை பாடுபட்டவர்கள். நான் உங்களை யோசிக்கச் சொல்லுவது ஒரு விஷயந்தான். அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் போனவை இரண்டு: ஒன்று மின்சாரம், மற்றொன்று காலம். மலையில் விழுந்த மழை ஓடை வழியாக ஓடி, ஆற்றில் சேர்ந்து, அணைக்கு வந்து சேருவதற்குச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரந்தான் மனிதன் கையில் இருக்கும் மூலதனம். மேலே பெய்வதை மேலேயே அளந்து கீழே சொல்லிவிட்டால், மின்சாரம் இருக்கும்போதே ஷட்டரைத் தூக்கலாம். ஜெனரேட்டரை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கலாம். கரையோரத்துக் குடிசைகளில் இருக்கும் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பலாம். தண்ணீர் ஷட்டரைத் தொட்ட பிறகுதான் சங்கதி தெரியும் என்றால் மூலதனம் முழுவதும் அப்போதே செலவாகிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 1 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர் தண்ணீர். 100 சதுர கிலோமீட்டரில் பெய்தால் 1 கோடி கன மீட்டர். நான் முன் சொன்ன அணையின் கொள்ளளவோடு இதை வைத்துப் பாருங்கள். மண் குடித்தது போக, குளம் குட்டை பிடித்தது போக மீதிதான் ஆற்றுக்கு வரும் என்றாலும், ஏற்கனவே நனைந்துபோன மண்ணில் எவ்வளவு மீதியாகும் என்பதைக் குடியானவர்களாகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் "மலையில் 10 சென்டிமீட்டர்" என்ற முதல் எண் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய என்ஜினீயரானாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

ஜில்லாவுக்கு ஒரு மழை இல்லை

இப்போது சிலர், "ரேடியோவிலும் டெலிவிஷனிலும் கைப்போனிலும் வானிலை அறிக்கை வருகிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். அந்த அறிக்கையை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். 1864ல் கல்கத்தாவை ஒரு புயல் அழித்ததும், அதன் பிறகு மழை பொய்த்துப் பஞ்சங்கள் வந்ததும் கண்டு, 1875ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. அது முதல் இன்று செயற்கைக் கோளும் ராடாரும் வரையில் எத்தனையோ பேர் பாடுபட்டதன் பயனாக, கடலில் கிளம்பும் புயலைப் பல நாள் முந்தியே நாம் தெரிந்துகொள்ளுகிறோம். இது சாமானியமான காரியம் அல்ல.

ஆனால் அந்த அறிக்கை ஒரு பெரிய பிரதேசத்துக்குப் பொதுவாகச் சொல்லும் சேதி. "தென் ஜில்லாக்களில் கனமழை பெய்யக்கூடும்" என்று அது சொல்லும். எந்த ஓடையில், எந்த மணிக்கு என்று அதனால் சொல்ல முடியாது. 2023ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் நடந்ததைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பக்கத்திலேயே இருக்கும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். இரண்டும் பயங்கரமான மழைதான். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குள்ளேயே 26 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால், ஜில்லாவுக்கு ஒரு சராசரிக் கணக்கை வைத்துக்கொண்டு எந்தப் பாலத்தை மூடுவது, எந்தத் தெருவைக் காலி செய்வது என்று எப்படி முடிவு செய்வது? அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் தண்டவாளத்தின் அடியிலிருந்த கல்லையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பேர் இருந்த வண்டி அது. அவர்கள் அங்கே சிக்கிக்கொண்டு பசியால் கஷ்டப்பட்டார்கள். ஆனால் உயிரோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். இடத்தில் நடப்பதை இடத்திலேயே தெரிந்துகொண்டு, "இதற்கு மேல் விடமுடியாது" என்று சொன்னதன் பலன் அது.

நமது ஒன்றியமும் அப்படிப்பட்டதுதானே! மேற்கே கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரம். கிழக்கே வறண்ட கரிசலும் செம்மண்ணும். மலையில் மேகம் கறுத்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது ரோட்டடியில் புழுதி பறப்பதை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்! ஆகவே மழை எங்கே விழுகிறதோ அங்கே அளக்கவேண்டும். காற்று எந்தக் கம்பத்தைச் சாய்க்குமோ அதன் பக்கத்தில் அளக்கவேண்டும்.

பாம்பன் பாலத்தின் பாடம்

அளந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. அளந்த எண்ணைக் கண்டவுடன் என்ன செய்வது என்பதும் முன்னாலேயே முடிவாகியிருக்கவேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் பாம்பன் ரயில் பாலம். 1914ல் திறந்த பாலம். 1964 டிசம்பர் 22, 23 தேதி இரவில் அடித்த புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைக் கடல் அப்படியே விழுங்கியது. 100 பேருக்கு மேல் மாண்டார்கள். தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. பாலத்தின் கண்களும் பிய்த்துக்கொண்டு போயின.

பிற்காலத்தில் இந்தப் பாலத்தின் மேலேயே காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் போனால் சிக்னல் சிவப்பு; வண்டி போகக்கூடாது என்பது விதி. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் வண்டி நிறுத்தப்படும் வரையில் இந்த ஏற்பாடு நடந்தது. 2025 ஏப்ரல் 6ந் தேதி பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாகிவிட்டது.

தோழர்களே! இந்த விதியின் பெருமை எதில் இருக்கிறது? காற்று 58க்கு மேல் போனால் வண்டிக்குள் இருப்பவர் மந்திரியா, மடாதிபதியா, கூலிக்காரரா என்று அந்தக் கருவி பார்ப்பதில்லை. "நான் யார் தெரியுமா? வண்டியை விடு!" என்று யாரும் அதை மிரட்ட முடியாது. "இன்றைக்கு நல்ல முகூர்த்தம், ஆபத்து வராது" என்று அதற்குச் சமாதானம் சொல்லவும் முடியாது. சிக்னலடியில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி ஒருவர், எத்தனை பெரிய அதிகாரியையும் நிறுத்துவதற்கு அந்த எண் அவருக்கு அதிகாரம் கொடுக்கிறது. எண்ணுக்கு ஜாதி இல்லை, பதவி இல்லை, தயவு தாட்சண்யம் இல்லை. இம்மாதிரி ஒரு விதி அணைக்கும், மின்சாரத்துக்கும், தீயணைப்புக்கும், தரைப்பாலத்துக்கும் ஏன் இருக்கக்கூடாது என்பதே என் கேள்வி.

மின்சாரக்காரரின் உயிர்

மின்சார விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி, டெல்டாவைச் சூறையாடி, நமது திண்டுக்கல் பக்கமாக வலுக்குறைந்து வந்து, கேரளத்தைக் கடந்து அரபிக் கடலுக்குப் போயிற்று. அதில் சாய்ந்த மின்கம்பங்கள் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றைத் திரும்ப நட்டவர்கள் யார்? வயல் சேற்றில் இறங்கி, தோளில் கம்பம் சுமந்து, கம்பத்தில் ஏறிக் கம்பி இழுத்த லைன்மேன்களும் ஒப்பந்தத் தொழிலாளிகளுந்தான்.

காற்று இரண்டு மடங்கு வேகமானால் அது கம்பத்தைத் தள்ளும் பலம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. மூன்று மடங்கு வேகமானால் ஒன்பது மடங்கு. ஆகவே மணிக்கு 40 கிலோமீட்டரில் அசையாமல் நிற்கிற கம்பம் 80ல் முறியலாம். அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் இருந்தால் அதை மிதிக்கிற மாடும் சாகும், மாட்டைப் பிடிக்கப் போகிற மனிதனும் சாவான். சப் ஸ்டேஷனிலேயே காற்றுமானி இருந்து, இவ்வளவு வேகம் வந்தால் இந்த லைனை நிறுத்து என்று முன்னாலேயே விதி இருக்குமானால், கம்பி அறுவதற்கு முன்பே மின்சாரம் நின்றுவிடும். அதே மாதிரி, இவ்வளவுக்குக் கீழே இறங்கினால்தான் கம்பத்தில் ஏறவேண்டும் என்ற விதியும் வேண்டும். "கரண்ட் எப்போது வரும்?" என்று நாம் போன் செய்து அதட்டும்போது, மழையில் கம்பத்தடியில் நிற்கும் அந்தத் தொழிலாளிக்கு அந்த எண்தான் கவசம். இடியும் அப்படியே. மின்னலைக் கண்டு இடியைக் கேட்பதற்குள் ஆகும் வினாடிகளை 3ஆல் வகுத்தால் அது எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தது என்று தெரியும். 30 வினாடிக்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. கம்பத்திலோ, மரத்தடியிலோ, வெட்டவெளி வயலிலோ நிற்கக்கூடாது.

இன்னும் கேளுங்கள். காற்றே இல்லாத கோடை மத்தியானத்தில் மின்கம்பி சூடேறி நீண்டு தொய்ந்து மரக்கிளையில் தட்டும். காற்று வீசினால் அதே கம்பி குளிர்ந்து அதிக மின்சாரத்தைத் தாங்கும். ஆடிக் காற்று பலமாக அடித்தால் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளும், தெற்கே கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகளும் வேகமாகச் சுற்றும். காற்று ஓய்ந்தால் அந்த மின்சாரம் குறையும். அதை வேறு இடத்திலிருந்து உடனே ஈடு செய்யவேண்டும். பெருமழை பெய்தால் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். இத்தனையும் வானிலைக் கணக்கு. விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

மலைத் தீ

தீயணைப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2018 மார்ச் 11ந் தேதி பக்கத்துத் தேனி ஜில்லாவில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன வாலிபர்களும் பெண்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. கோடை நெருங்கும்போது மலையில் புல் காய்ந்து கிடக்கும். பகலில் வெயில் ஏற ஏற மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி வீசும். இரவில் கீழ்நோக்கி இறங்கும். தீ மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அடிவாரத்து ஊரில் அளந்த காற்று, சரிவில் வீசும் காற்றைச் சொல்லாது. ஆகையால் மலையிலேயே வெப்பத்தையும், காற்றின் ஈரத்தையும், வேகத்தையும், திசையையும் அளந்து, "இன்று இந்தச் சரிவில் யாரும் ஏறக்கூடாது" என்று சொல்லக்கூடிய ஏற்பாடு வேண்டும். தீ பிடித்த பிறகும், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தால்தான் தீயணைப்போர் தங்கள் உயிரைக் காத்துக்கொண்டு பிறர் உயிரைக் காக்க முடியும். கொடைக்கானல் மலையும் சிறுமலையும் உள்ள நமது ஜில்லாவுக்கு இது மிகவும் பொருந்தும்.

பஞ்சாங்கம் என்ன சொல்லுகிறது?

இனி இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். சித்திரை பிறந்தவுடன் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை. அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறது. நாம் கேட்கவேண்டியது ஒரே கேள்விதான். எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு? அதைச் சொல்லாத வரையில் அதை வைத்துக்கொண்டு ஒரு ஷட்டரையாவது தூக்க முடியுமா? ஒரு லைனையாவது நிறுத்த முடியுமா? மழை பெய்தால் பஞ்சாங்கம் பலித்தது என்பார்கள். பெய்யாவிட்டால் ஜனங்களுடைய பாவம் என்பார்கள். தப்பவே முடியாதபடி சொன்ன சொல்லுக்குப் பெயர் முன்னறிவிப்பு அல்ல.

2019ம் வருஷக் கோடையில் சென்னைப் பட்டணத்து ஏரிகள் வறண்டு கிடந்தன. அவ்வருஷம் மழைக்காக முக்கியமான கோயில்களில் யாகமும் வருண ஜபமும் நடத்தும்படி அறநிலைய இலாகாவே சுற்றறிக்கை அனுப்பிற்று. யாக குண்டத்துக்குச் செலவான நெய்க்குக் கணக்கு இருக்கும். அதனால் பெய்த மழைக்குக் கணக்கு எங்கே?

ஆனால் நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். பழசு என்பதாலேயே எதையும் நான் தள்ளச் சொல்லவில்லை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவதையும், தும்பி தாழப் பறப்பதையும், காற்று திசை மாறுவதையும் கண்டு நமது குடியானவர்கள் மழையைச் சொல்லுவார்கள். இது கண்ணால் கண்டு சொல்லுவது. ஆகவே பரீட்சை செய்து பார்க்கக்கூடியது. 2000ம் ஆண்டையொட்டிய வருஷங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நமது கன்னிவாடி வட்டாரத்திலேயே குடியானவர்களோடு சேர்ந்து, அவர்கள் சொல்லும் அறிகுறிகளையும் விஞ்ஞானிகளின் முன்னறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விதைப்புக்கு எது எப்படி உதவும் என்று ஆராய்ந்தார்கள். இதுதான் யோக்கியமான முறை. எறும்பு ஏறிய தேதியை எழுது. மழை பெய்த தேதியை எழுது. பத்து வருஷம் சேர்த்துப் பார். பலித்தால் வைத்துக்கொள், பலிக்காவிட்டால் விட்டுவிடு.

விஞ்ஞானிகளும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். 1876 முதல் 1878 வரை நடந்த கொடிய பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எண்ணி, சூரியனை ஆராயவேண்டும் என்று பஞ்சக் கமிஷனார் சிபாரிசு செய்தார்கள். நமது கொடைக்கானல் வான்ஆய்வுக்கூடம் ஏற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். கரும்புள்ளியைக் கொண்டு மழையைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. அவர்கள் அதை மறைக்கவில்லை. யார் பாவத்தின் மேலும் பழி போடவில்லை. வேறு வழி தேடினார்கள். அதே கூடத்தில் 1909ல் எவர்ஷெட் என்பவர் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்து உலகப் பெயர் பெற்றார். தப்பென்று தெரிந்தால் விட்டுவிடுவதுதான் அறிவு.

நாம் செய்யவேண்டியது

மழைமானி புதுச் சரக்கல்ல. கொரியா தேசத்தில் 1441ல் ஸேஜோங் ராஜா காலத்திலேயே மழை அளக்கும் பாத்திரத்தைச் செய்து ஊர்தோறும் அனுப்பினார்கள். சென்னையில் 1796 முதல் வானிலைக் குறிப்பு இருக்கிறது. இன்றைய தானியங்கிக் கருவிக்குள்ளே ஏற்றமரம் போல ஆடும் ஒரு சின்னக் கரண்டி இருக்கிறது. மழை நிறைந்தவுடன் அது சாய்ந்து கொட்டும். எத்தனை தடவை சாய்ந்தது என்று எண்ணிக் கைப்போன் வழியாகத் தானே அனுப்பிவிடும். தமிழ்நாடு சர்க்கார் 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வானிலை நிலையங்களை நிறுவும் வேலையைச் செய்தார்கள். இவை நல்ல காரியங்கள். ஆனால் கருவியை நட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அதுவும் ஒரு விக்கிரகம்தான். வாயில் வேப்பிலை அடைத்துக்கொண்ட மழைமானி, மழையே பெய்யவில்லை என்று பொய்க் கணக்குச் சொல்லும். பொய்க் கணக்கு, கணக்கே இல்லாததைவிட ஆபத்து.

ஆகவே தோழர்களே, நீங்கள் செய்யவேண்டியவை சில. முதலாவது, உங்கள் ஊரைச் சுற்றி இருக்கும் கருவி எங்கே இருக்கிறது, வேலை செய்கிறதா, கட்டடத்துக்கும் மரத்துக்கும் தள்ளி வெட்டவெளியில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கெட்டிருந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். இரண்டாவது, சர்க்கார் கருவி வரும் வரை காத்திராதீர்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள நேரான பாத்திரம் ஒன்றும், ஒரு அளவுகோலும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். காலை 8½ மணிக்குப் பாத்திரத்தில் நிற்கும் தண்ணீரின் உயரந்தான் மழையளவு. 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். நாளொன்றுக்கு 64½ மில்லிமீட்டரைத் தாண்டினால் அது கனமழை. அதுவே ஓரிரு மணிக்குள் பெய்தால் ஓடை பொங்கும் என்று அர்த்தம். காலை வரைக்கும் காத்திராமல் உடனே சொல்லவேண்டும். மூன்றாவது, அந்த எண்ணை ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். ஆபத்தான அளவு வந்தால் 1077 என்ற எண்ணில் ஜில்லாப் பேரிடர் அறைக்குச் சொல்லுங்கள். கீழே இருக்கும் ஊருக்கும் சொல்லுங்கள். நான்காவது, இந்த எண் வந்தால் இந்த ஷட்டரைத் திறப்பது, இந்த லைனை நிறுத்துவது, இந்தப் பாலத்தை மூடுவது என்ற விதியை மழைக்கு முன்பே எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டச்சொல்லிக் கேளுங்கள். அணைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்பது இரகசியமாய் இருக்கவேண்டிய காரியம் அல்ல. அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரப்போகிறதோ அவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள முதல் பாத்தியம் உண்டு.

கடைசியாக ஒன்று. எச்சரிக்கை ஊர்த் தெருவோடு நின்றுவிடக்கூடாது. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது யார் வீடு? பள்ளத்தில் இடம் கொடுக்கப்பட்ட காலனிக்காரர் வீடு; ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் கூலிக்காரர் வீடு. அவர்களைப் பள்ளத்தில் வைத்தது வானம் அல்ல; மனிதன். ஆகையால் முதல் சேதி அங்கே போகவேண்டும். முதல் வண்டி அங்கே போகவேண்டும். மேட்டுத் தெருவில் ஒலிபெருக்கி வைத்துவிட்டு "எச்சரித்துவிட்டோம்" என்று கணக்கெழுதுவது எச்சரிக்கை ஆகாது.

மழை யாருடைய கோபத்தாலும் வருவதல்ல. யாருடைய தயவாலும் நிற்பதல்ல. அது வரும்போது வரும். அதைத் தடுக்க நம்மால் முடியாது. ஆனால் அதனால் சாவதும் பிழைப்பதும் பெரும்பாலும் நமது ஏற்பாட்டைப் பொறுத்தது. வடகிழக்கு மழைக்கு முன்னால் ஒரு நாள் உங்கள் ஊர் மழைமானியின் வாயைத் துடைத்து வையுங்கள். அந்த ஒரு வேலையை யார் செய்வது என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடிக்கிறேன்.